சினைப்பைப் புற்றுநோய்: கீமோ கேட்குமா என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு

"வாயுத் தொல்லைதான்"

பெரம்பலூர் மக்காச்சோளக் கொல்லையிலும் செட்டிகுளம் சின்ன வெங்காய வயலிலும் வேலை பார்க்கும் பெண்கள், வயிறு உப்பினால் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவார்கள். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்றுக் கனம், அடிக்கடி சிறுநீர் என்று இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால் ஸ்கேன் அவசியம். அறிகுறி இல்லாத பெண்களைச் சோதித்து சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க, பிரிட்டனில் 2 லட்சம் பேருக்கு மேல் ஆய்வு செய்தார்கள். இறப்பு குறையவில்லை என்று 2021-ல் தெரிந்தது. அதனால் உடம்பு சொல்வதைக் கேட்பதே நமக்கு இருக்கும் வழி.

மருந்து ஒன்று, பலன் வேறு

கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகளையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு தடவை ஏற்றுவார்கள். கார்போபிளாட்டின் புற்றணுவின் டிஎன்ஏவைச் சிதைக்கும். அந்தச் சிதைவைச் சரிசெய்வதில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவை பழுதான கட்டியால் மீள முடிவதில்லை. கீமோ நன்றாகக் கேட்கிறது. சிசிஎன்இ1 மரபணு பெருகிய கட்டிகளோ பல நேரம் மசிவதில்லை.

பிஆர்சிஏ பழுதுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் திறக்கிறது. கீமோவுக்கு நல்ல பலன் கண்டவர்கள் அதன்பின் ஓலாபாரிப் மாத்திரை எடுத்தபோது, நோய் முற்றும் அல்லது இறக்கும் அபாயம் 70% குறைந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரையை கீமோ முடிந்த சில வாரங்களில் தொடங்க வேண்டும். மரபணு முடிவு வரவும் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நோய் உறுதியானவுடனேயே கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இது. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும்.

அப்பா வழியையும் சொல்லுங்கள்

"வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க" என்று அப்பாயியைப் பற்றிச் சொல்வார்கள். என்ன கட்டி என்று யாருக்கும் தெரியாது. பெண்களின் நோய் அம்மா வழியில்தான் வரும் என்று நினைத்து, அத்தையின் மார்பகப் புற்றுநோயை மருத்துவரிடம் சொல்லாமலே விடுகிறோம். இரண்டு புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடிய இந்தப் பழுதான மரபணு அப்பாவிடமிருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனுக்கும் மகளுக்கும், பாதி வாய்ப்பு. பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் சினைப்பைப் புற்றுநோய், பிஆர்சிஏ1 பழுதுள்ள நூறு பெண்களில் ஏறக்குறைய 40 பேருக்கு வரலாம். ஆனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் பரிசோதனையைத் தவிர்க்கவும் கூடாது.

எங்கே கேட்பது?

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுநோய்க்கு ஆலோசனை தருகிறார்கள். அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள் பலர் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ சிகிச்சை எடுப்பார்கள். அங்கேயே புற்றுநோய் மருத்துவரிடம் பிஆர்சிஏ பற்றிக் கேளுங்கள். அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, கட்டியின் பாரஃபின் பிளாக் எந்த ஆய்வகத்தில் இருக்கிறது, அதன் எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தோடு கட்டியிலும் மரபணுவைச் சோதிக்க நேர்ந்தால் அது வேண்டும்.