கண்ணாடி காய்க்கும் மரம்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் பளபளப்பான உருண்டையை ஒருமுறை நகத்தால் தட்டிப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் டஜன் கணக்கில் கிடைப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக். அவை மந்தமாகச் சத்தம் எழுப்பும். அசல் கண்ணாடி உருண்டையோ மெல்லிய கணீர் ஒலி தரும். கையில் வைத்தால் எடையே தெரியாது, முட்டை ஓடு போல அவ்வளவு மெலிசு. ஒரு மலையூரின் நானூறு ஆண்டுத் தொழிலும், பிளஸ் டூ ஆய்வகத்தில் நம்மில் பலர் செய்து பார்த்த ஒரு சோதனையும் சேர்ந்து உருவாக்கிய பொருள் அது.

ஊரின் பெயர் லௌஷா. ஜெர்மனியின் நடுப்பகுதியில், தூரிங்கியா மாநிலத்து மலைக்காட்டுக்குள் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1597-ல் ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர் என்ற இரண்டு கண்ணாடித் தொழிலாளர்கள் அந்தப் பகுதியை ஆண்ட கோமகனிடம் உரிமை பெற்று அங்கே உலை மூட்டினார்கள். உலைக்குத் தேவையான விறகைக் காடு கொடுத்தது. கண்ணாடியை இளக்கும் பொட்டாஷையும் மரச்சாம்பலிலிருந்தே எடுத்தார்கள். விவசாயத்துக்கு ஏற்ற மண் அல்ல அது, குளிரும் அதிகம். அதனால் ஊரே கண்ணாடியை நம்பி வாழ்ந்தது. குடிக்கும் கோப்பைகள், மருந்துக் குப்பிகள், பிறகு மணிகள் என்று காலத்துக்கு ஏற்ப எதையாவது செய்துகொண்டே இருந்தார்கள். கண்ணிழந்தவர்களுக்குப் பொருத்தும் கண்ணாடிக் கண்களையும் 1835-ல் அங்கே லுட்விக் முல்லர்-ஊரி செய்யத் தொடங்கினார். நுணுக்கமான கைவேலைக்கு ஊர் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அன்றைய ஜெர்மானிய வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கியவை பெரும்பாலும் தின்பண்டங்கள்தான். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து வீடுகளில் ஃபிர் மரத்தை நிறுத்தி, வண்ணக் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், மிட்டாய் ஆகியவற்றைத் தொங்கவிட்டதாக 1605-ம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஆப்பிளுக்குத் தனி இடம் உண்டு. டிசம்பர் 24 பழைய நாட்காட்டியில் ஆதாம் ஏவாள் நாள். அன்று நடித்த ஏதேன் தோட்ட நாடகங்களில் பழம் தொங்கும் பச்சை மரம் ஒன்று மேடையில் நிற்கும். இன்றைய சிவப்பு உருண்டைக்கு மூதாதை அந்த ஆப்பிள்தான்.

ஆப்பிள் எப்படிக் கண்ணாடியாயிற்று? ஆப்பிளும் வாதுமைக்கொட்டையும் வாங்கக் காசில்லாத லௌஷா தொழிலாளி ஒருவர், தன் பிள்ளைகளுக்காக 1847-ல் கண்ணாடியில் பழம் ஊதினார் என்று ஒரு கதை. வறட்சியில் ஆப்பிள் விளையாததால் 1858-ல் தங்கள் ஊர்க்காரர்தான் கண்ணாடி உருண்டை ஊதினார் என்று பிரான்ஸின் லொரேன் பகுதியில் இன்னொரு கதை. இரண்டுமே வறுமையிலிருந்து தொடங்குகின்றன. ஆவணமாக நிற்பது வேறு: லௌஷாவின் 1848-ம் ஆண்டு ஆர்டர் புத்தகம் ஒன்றில், மூன்று அளவுகளில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் உருண்டைகளுக்கான பதிவு இருக்கிறது. கதைகளை ரசிக்கலாம், ஆனால் என் ஓட்டு அந்தக் கணக்குப் புத்தகத்துக்கே.

இனி பட்டறைக்குள் போவோம். பெரிய உலை எதுவும் இங்கே தேவையில்லை. ஒரு மேசை, அதன் மேல் எரிவாயு பர்னர், பக்கத்தில் கட்டுக்கட்டாகக் கண்ணாடிக் குழாய்கள். தொழிலாளி ஒரு குழாயை எடுத்துச் சுடரில் காட்டி உருட்டுகிறார். இளகியதும் இழுக்கிறார், குழாய் ஊசி போல நீள்கிறது. சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் அதேபோல் இழுக்கிறார். நடுவில் தடித்த துண்டு, இருபுறமும் மெல்லிய தண்டு. ஒரு தண்டு பிடிக்க, மற்றொன்று ஊத.

நடுத்துண்டைச் சுடரில் வைத்து, இரு கை விரல்களாலும் ஒரே வேகத்தில் சுழற்ற வேண்டும். சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்த வகைக் கண்ணாடி நன்றாக இளகத் தொடங்கும். ஒரு கை முந்தி ஒரு கை பிந்தினால் துண்டு முறுக்கிக்கொள்ளும். சுழற்றுவதை நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொய்ந்து இறங்கும். சரியான பதம் வந்ததும் சுடரிலிருந்து வெளியே எடுத்து, சுழற்றிக்கொண்டே ஊதுகிறார். சில விநாடிகளில் உருண்டை எழும்பி நிற்கிறது. பதத்தைச் சொல்ல கருவி கிடையாது. ஆரஞ்சு நிறம் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது, துண்டு கையில் எவ்வளவு கனமாக ஆடுகிறது என்பதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள்தான் சொல்ல முடியும்.

உருண்டை ஏன் உருண்டையாகவே வருகிறது? இளகிய கண்ணாடியும் ஒரு திரவம்போல் நடந்துகொள்கிறது. அதன் பரப்பு இழுவிசை மேற்பரப்பை முடிந்த அளவு சுருக்கப் பார்க்கும். ஒரு குறிப்பிட்ட கொள்ளளவை மிகக் குறைந்த பரப்பில் அடைக்கும் வடிவம் கோளம். புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது விரல்களின் சுழற்சி. தேவதை, பறவை, ஊசியிலைக் காய் போன்ற உருவங்கள் வேண்டுமென்றால், இளகிய துண்டை இரண்டாகத் திறக்கும் அச்சுக்குள் வைத்து மூடி ஊதுவார்கள்.

மெலிவிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. தடித்த கண்ணாடிச் சாமானைச் செய்தவுடன் வெளியே வைத்தால் வெடித்துவிடும். மேற்புறம் சீக்கிரம் ஆறும், உட்புறம் ஆறாது. அந்த வித்தியாசம் உள்ளுக்குள் இறுக்கத்தை உண்டாக்கும். அதனால்தான் அவற்றைச் சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சுவரில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆறிவிடும். அதனால் இந்த உருண்டையை அப்படியே எடுத்துத் தாங்கியில் செருகிவைக்கலாம்.

ஆரம்பத்தில் இவ்வளவு மெலிசாக ஊத முடியவில்லை. துருத்தி ஊதிய எண்ணெய் விளக்கின் சுடருக்கு அந்த வலு இல்லை. 1867-ல் லௌஷாவில் எரிவாயு நிலையம் வந்தது. சுடர் சூடாகவும் சீராகவும் மாறியது, கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. பெரிய, மெல்லிய உருண்டைகள் அதன் பிறகுதான் பெருகின. இந்தத் தொழிலின் திருப்புமுனை எது என்று கேட்டால், முதல் உருண்டையை ஊதியவரைவிட அந்த எரிவாயுக் குழாயைத்தான் நான் காட்டுவேன்.

அடுத்தது பளபளப்பு. ஊதிய உருண்டை வெறும் நிறமற்ற குமிழ். முதலில் உள்ளே ஈயமோ தகரமோ உருக்கி ஊற்றிச் சுழற்றினார்கள். 1870 வாக்கில் அந்த இடத்தை வெள்ளி பிடித்தது. இதற்குக் காரணம் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக். அக்காலத்து முகம்பார்க்கும் கண்ணாடிகளில் பாதரசம் சேர்த்தார்கள், அது தொழிலாளர்களின் உடம்பைக் கெடுத்தது. அதற்கு மாற்றாக வெள்ளியைப் படியவைக்கும் முறையை லீபிக் உருவாக்கினார். ஆல்டிஹைடைக் கண்டறிய நம் ஆய்வகங்களில் செய்யும் டாலன்ஸ் சோதனையும் இதே வினைதான். சில்வர் நைட்ரேட் கரைசலில் அம்மோனியா சேர்த்து, பிறகு குளுக்கோஸ் சேர்த்துச் சூடாக்கினால், சோதனைக் குழாயின் சுவரில் வெள்ளி படிந்து கண்ணாடியாக மின்னும்.

பட்டறையில் அந்தக் கரைசலைத் தண்டின் வழியாகக் கொஞ்சம் உள்ளே செலுத்தி, உருண்டையைக் குலுக்கியபடி வெந்நீரில் பிடிக்கிறார்கள். முதலில் பழுப்பு, பிறகு கறுப்பு, திடீரென்று முழுக்க வெள்ளி. மிச்சக் கரைசலை உடனே அகற்றிவிட வேண்டும். சேர்த்துவைத்து உலரவிட்டால் வெடிக்கும் சேர்மம் உருவாகக்கூடும் என்பது ஆய்வகத்திலும் சொல்லித்தரும் எச்சரிக்கை. வெள்ளியை உட்புறம் பூசுவதற்குக் காரணம் உண்டு. வெளியே பூசினால் கைபட்டு உரியும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளிப் பாத்திரம் போலவே கறுக்கும். உள்ளே இருந்தால் கண்ணாடியே அதற்குக் காவல். பிறகு வண்ண லாக்கரில் முக்கி, காயவைத்து, மெல்லிய தூரிகையால் பூவேலை செய்து, மிச்சத் தண்டை அறுத்து, கம்பி வைத்த உலோகத் தொப்பியைச் செருகினால் வேலை முடிந்தது.

முடிந்த உருண்டைக்குள் அறை முழுவதும் தெரியும். அது ஒரு குவி ஆடி. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் தூரத்துப் பொருள்களின் பிம்பமெல்லாம் மேற்பரப்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால், சுருங்கி நிற்கும். ஜன்னல், விளக்கு, பார்ப்பவர் முகம், பக்கவாட்டுச் சுவர்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். சுற்றியுள்ள ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு புள்ளியாகத் தெரிவதால்தான், நான்கைந்து மெழுகுவத்தி ஏற்றிய மரமே ஜொலித்தது.

இந்த ஜொலிப்புக்குப் பின்னால் குடும்பம் மொத்தமும் உழைத்தது. பெரும்பாலும் வீட்டிலேயே நடந்த தொழில் அது. ஆண்கள் ஊதினார்கள், பெண்கள் வெள்ளி பூசி வண்ணம் தீட்டினார்கள், பிள்ளைகள் தொப்பி மாட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். பெரிய கூடைகளை முதுகில் சுமந்து, மலையடிவாரத்துச் சோனெபெர்க் நகர வியாபாரிகளிடம் கொண்டுபோனவர்கள் பெண்கள். விலையை வியாபாரிகளே வைத்தார்கள். அந்தக் கூடைப் பெண்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை என்பது என்னை வருத்துகிறது.

அமெரிக்காவுக்கு இதைப் பெருமளவில் கொண்டுபோனவர் மலிவுவிலைக் கடைகளின் அதிபர் எஃப். டபிள்யூ. வூல்வொர்த். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரக் கடைக்காக 1880 வாக்கில் அரைமனதாகக் கொஞ்சம் வாங்கினார். இரண்டே நாளில் எல்லாம் விற்றுப்போயின. பிறகு அவரே ஜெர்மனிக்குக் கப்பலேறினார். இரண்டாம் உலகப் போர் நெருங்கி, ஜெர்மனியிலிருந்து சரக்கு வருவது நின்றுவிடும் என்ற வேளையில், மேக்ஸ் எக்கார்ட் என்ற வியாபாரி அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையை அணுகினார். மின்விளக்குக் குமிழ் செய்ய 1926-ல் அமைத்த எந்திரம் அங்கே இருந்தது. அதே எந்திரத்தில் 1939 கிறிஸ்துமஸுக்குள் 2,35,000 உருண்டைகள் தயாராகி வூல்வொர்த் கடைகளுக்குப் போயின. போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெள்ளி பூசாமல் வண்ணக் கோடு மட்டும் போட்டு, காகிதத் தொப்பியோடு விற்றார்கள். அந்த ஏழைக்காலத்து உருண்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள்.

எந்திரம் வந்த பிறகும் கைத்தொழில் அழியவில்லை. செக் குடியரசின் மலைப்பகுதியில், குழாயை அச்சில் வைத்து ஒரே ஊதலில் வரிசையாக மணிகளை ஊதி, கோத்து, நட்சத்திரங்கள் செய்கிறார்கள். அந்தக் கலையை யுனெஸ்கோ 2020-ல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. லௌஷாவிலும் இன்று பல பட்டறைகளில் சுடர் எரிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால வார இறுதிகளில் அங்கே உருண்டைச் சந்தை கூடும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் முன்னாலேயே ஊதிக் காட்டுவார்கள். ஊரில் கண்ணாடிக் கலைக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

நம் ஊரில் சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டு, காகிதச் சங்கிலியும் நட்சத்திரமும் கட்டும் வீடுகள் நிறைய. அந்த மரத்திலும் ஒரு கண்ணாடி உருண்டை அழகாகவே இருக்கும். ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளோ உறவினரோ இருந்தால், டிசம்பர் விடுமுறைக்கு முன் ஒரு நாள் சோனெபெர்க்கிலிருந்து மலையேறும் ரயிலில் லௌஷா போய்வரச் சொல்லுங்கள். வாங்கி வருபவற்றைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்துவரட்டும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வண்ணம் உரியும். தொப்பி இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே வெள்ளியும் கெடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மென்காகிதத்தில் சுற்றி வைத்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை வரும்.