எடைக்குப் போன கல்வெட்டு

வீடு மாறுவோர்க்கு இருவகைக் களைப்பு உண்டு. சாமான்களைத் தூக்கி ஏற்றுவதால் வருவது ஒன்று. எதை ஏற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதால் வருவது மற்றொன்று. முன்னதைக் கூலி கொடுத்துப் பிறர் தலையில் ஏற்றிவிடலாம். பின்னதை நாமேதான் சுமக்க வேண்டும்.

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்த ஓட்டு வீட்டை விட்டு அடுக்குமாடி வீடொன்றுக்குப் போக நேர்ந்தபோது இதை நான் அறிந்தேன். இப்பகுதியாருக்கு இது புதிய அனுபவமன்று. 2010 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை எழுப்பிய மாடிகளுக்கு, கொழும்புத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பெயர்ந்துள்ளன. ஏறக்குறைய 400, 500 சதுர அடிக்குள் அடங்கும் அவ்வீடுகளில் பாட்டன் காலத்து அலுமாரி நுழைந்தால் மனிதர் நுழைய இடமிராது. என் புதிய வீடும் பெரிதன்று.

ஆகவே, கழிக்கத் தொடங்கினோம். கால் முறிந்த சாய்மனைக் கதிரை, மூடியற்ற டின்கள், கம்பி நீட்டிய குடைகள், இருபது ஆண்டுக்கால மின்சாரப் பட்டியல்கள் ஆகிய யாவும் “என்றேனும் உதவும்” என்ற ஒரு சொல்லின் தயவில் வாழ்ந்து வந்தவை. அவற்றை அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. அந்த உற்சாகத்தில் காகிதங்களின் மீதும் கை வைத்தேன். கடலின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பழுத்துப்போன கட்டுகளைப் பிரித்தும் பாராமல், பழைய போத்தலும் பேப்பரும் வாங்குபவரிடம் எடைக்குக் கொடுத்தேன். அவர் தராசைத் தூக்கிப் பிடித்தார். நான் முள்ளைப் பார்த்தேன். கட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கனடாவிலிருந்து மருமகன் பேசினான். தன் மகளுக்கு வம்சாவளி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். “மாமா, பூட்டியின் பெயர் என்ன? பெரியப்பாவின் கல்வெட்டில் இருக்கும் என்று அம்மா சொன்னா” என்றான்.

பெரியப்பா 1974 இல் காலமானவர். அவரது அந்தியேட்டியன்று வழங்கிய சிறு நூலில் திதி வெண்பா, தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, நான்கு தலைமுறை வம்சாவளி, அவர் ஊரில் மேடையேற்றிய நாடகங்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. அது நான் எடைக்குக் கொடுத்த கட்டில் இருந்தது.

உறவினர் வீடுகளில் விசாரித்தேன். வெள்ளவத்தை வீட்டுப் பிரதி 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. யாழ்ப்பாணத்துப் பிரதி 1995 இடப்பெயர்வில் கைவிடப்பட்டது. மற்றோர் இருவர், வீடு மாறும்போது எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள். “உங்களிடம் இருக்குந்தானே என்று நினைத்தோம்” என்பது அவர்கள் பதில். நானும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் அச்சான ஒரு நூல் அற்றுப்போவதற்கு இந்த நம்பிக்கை ஒன்றே போதும்.

நம் முன்னோரும் இதற்கு விலக்கல்லர். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டவுடன் ஏடுகள் உதிர்ந்த வேதனையைத் தம் பதிப்புரையில் எழுதியுள்ளார். ஏடு தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையர், பழஞ்சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட செய்தி கேட்டு நொந்திருக்கிறார். அவற்றை விட்டவர்கள் தமிழின் பகைவரல்லர். வீட்டைத் துப்புரவு செய்தவர்கள்.

நமக்கோ கவலைப்படக் கூடுதல் காரணம் உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன்பின் வீட்டு அலுமாரிகளில் எஞ்சிய பள்ளிக்கூட மலர், சங்க அறிக்கை, நின்றுபோன சஞ்சிகையின் தனி இதழ் ஆகியவற்றுள் எது கடைசிப் பிரதி என்று எவராலும் சொல்ல முடியாது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் இத்தகையவற்றைத் தேடி மின்வடிவாக்கி வருகிறது. கல்வெட்டுகளுக்கும் நினைவு மலர்களுக்கும் அங்கே இடமுண்டு.

எஞ்சிய கட்டுகளை நான் அவசரமின்றிப் பிரித்தேன். கடையில் மீண்டும் வாங்கக் கூடியதைத் தயங்காது கழித்தேன். பிறர்க்குப் பயன்படும் பாடநூல்களை மாணவருக்குக் கொடுத்தேன். மீண்டும் கிடையாது என்று ஐயுற்றதை மட்டும் தனியே வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் செய்து, பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதினேன். எல்லாம் சேர்ந்து ஒரு றங்குப் பெட்டியை நிரப்பவில்லை. காப்பாற்ற வேண்டியது இவ்வளவு சிறிது என்பதை முன்பே அறியாமற் போனேன்.

பூட்டியின் பெயரை மருமகனுக்கு இன்னும் சொல்ல இயலவில்லை. அந்தக் கல்வெட்டு எங்கோ கடலைச் சரையாகி முடிந்திருக்கும். ஆயினும் இன்னொரு பிரதி யாரோ ஓர் உறவினரின் பரணில் இருக்கலாம். அவர்களும் ஒருநாள் வீடு மாறுவார்கள்.