கோழிக் கொட்டகையில் ஆறு விமானங்கள்!

கோழிக் கொட்டகையில் என்ன இருக்கும் குட்டீஸ்? கோழி, முட்டை, தவிடு... இதுதானே! அமெரிக்காவில் ஒருவர் தம் வீட்டுக் கோழிக் கொட்டகையில் விமானங்களை வைத்திருந்தார். ஒன்றல்ல, ஆறு!

அவர் பெயர் கோல் பேலன். 1925ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்துவிட்டுத் திரும்பியதும், நியூயார்க் அருகே ரூஸ்வெல்ட் ஃபீல்டு என்ற இடத்தில் விமான மெக்கானிக் வேலை படித்தார். 1927ல் சார்லஸ் லிண்ட்பர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பாரிசுக்குப் பறந்தாரே, அவர் கிளம்பியது இந்த மைதானத்தில் இருந்துதான்.

அங்கே ஒரு கொட்டகையில், முதல் உலகப் போர் காலத்து விமானங்கள் தூசி படிந்து நின்றன. மரச்சட்டம், அதன் மேல் துணி, குறுக்கே கம்பிகள்... அவ்வளவுதான் அந்த விமானம்! கோலுக்கு அவற்றின் மேல் ஒரே ஆசை.

1951ல் ஒரு செய்தி வந்தது. மைதானத்தை மூடிவிட்டு, கடைவீதி கட்டப் போகிறார்களாம்! பழைய விமானங்களை விற்கவும் முடிவு செய்தனர். மூன்றை ஸ்மித்சோனியன் என்ற பெரிய அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. மீதி ஆறு? அவற்றுக்கு விலை கேட்டார் கோல். தாம் அதுவரை சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 25.

விமானம் வாங்கியாயிற்று... எங்கே வைப்பது? 30 நாட்களுக்குள் எடுத்துப் போக வேண்டும் என்று கெடு வேறு! கழற்றிக் கழற்றி வண்டியில் ஏற்றி, ஒன்பது நடை அடித்தார். ஒவ்வொரு நடைக்கும் போகவர சுமார் 320 கி.மீ.! கடைசியில் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம்தான், காலியாகக் கிடந்த அந்தக் கோழிக் கொட்டகை.

சரி, அவற்றைத் துடைத்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினாரா? அதுதான் இல்லை. விமானம் என்றால் பறக்க வேண்டும் என்பது அவர் கட்சி! 1959ல் ரைன்பெக் என்ற ஊர் அருகே ஒரு பழைய பண்ணையை வாங்கி, மரங்களை வெட்டிச் சமன் செய்து, புல்தரை ஓடுபாதை போட்டார். அடுத்த ஆண்டே விமானக் காட்சி ஆரம்பம். பெயர், 'ஓல்டு ரைன்பெக் ஏரோட்ரோம்'.

இந்த விமானங்களைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? வயிறு சுத்தமாக வேண்டும் என்று பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தால், ஓட்டம் பிடிப்பீர்கள்தானே? அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றில் இன்ஜினுக்கு ஊற்றியது அதே விளக்கெண்ணெய்தான்!

இன்றைய பைக்கில் இன்ஜின் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் தண்டு சுழலும். அந்த இன்ஜினிலோ எல்லாம் தலைகீழ். தண்டு அசையாது, இன்ஜின் முழுவதும், முன்னால் உள்ள விசிறியோடு சேர்ந்து கிறுகிறுவெனச் சுற்றும். பெட்ரோலும் எண்ணெயும் ஒரே அறை வழியாகப் போகும். சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்துவிடும்; விளக்கெண்ணெய் அவ்வளவு சுலபமாகக் கரையாது. அதனால்தான் அது. ஆனால், ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. புகையோடு வெளியே பீய்ச்சி, விமானி முகத்தில் அடிக்கும். கழுத்தில் கட்டிய துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டுவார்கள். வாய்க்குள்ளும் கொஞ்சம் போகும். பிறகு வயிறு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்!

'அரிய பொருளைப் பறக்கவிட்டால் தேய்ந்துபோகுமே, விழுந்து உடைந்தால்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோல் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அசல் கிடைக்காத விமானத்தை, அதே மாதிரி புதிதாகச் செய்து, அந்தக் காலத்து அசல் இன்ஜினைப் பொருத்தினார். மூன்றடுக்கு இறக்கை கொண்ட ஜெர்மனியின் ஃபோக்கர் விமானத்தை அப்படித்தான் செய்தார்.

அதோடு விட்டாரா? வானத்திலேயே நாடகம் போட்டார்! 'கறுப்புப் பிரபு' என்று ஒரு வில்லன், அவனிடம் மாட்டிக்கொள்ளும் ஒரு பெண், காப்பாற்ற வரும் கதாநாயகன். வில்லன் வேஷம் யாருக்கு என்கிறீர்கள்? சாட்சாத் கோலுக்குத்தான்! குழந்தைகள் கூச்சல் போட்டு அவரைத் திட்டுவார்களாம். வில்லனுக்கு அதைவிட என்ன பரிசு வேண்டும்?

1993 டிசம்பரில் கோல் காலமானார். 'இனி இந்த விமானங்கள் என்ன ஆகும்?' என்ற கவலை பலருக்கு. ஆறில் ஒன்றான சாப்வித் ஸ்னைப், பிறகு ஸ்மித்சோனியனுக்குப் போய்விட்டது. ஆனால் ரைன்பெக் மூடப்படவில்லை. அருங்காட்சியகத்தை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. கோடைக்காலத்தில் தொடங்கி அக்டோபர் வரை, சனி, ஞாயிறுகளில் காட்சி உண்டு.

அங்குள்ள மூத்த விமானம், 1909ல் பிரான்சில் செய்த பிளேரியோ. அதே ஆண்டு லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினாரே, அந்த ரகம். உடைந்து, பழைய சாமான் கிடங்கில் கிடந்து, கோல் கைக்கு வந்தது. இல்லாத பாகங்களைச் செய்து சேர்த்து, அதைப் பறக்க வைத்தார். உலகில் பறக்கும் நிலையில் உள்ள விமானங்களில் இதைவிட மூத்தது ஒன்றே ஒன்று, இங்கிலாந்தில் இருக்கிறது. அதுவும் எவ்வளவு மூத்தது தெரியுமா? மூன்றே வாரம்!

பிளேரியோ பாட்டிக்கு நூறு வயது தாண்டிவிட்டதால், வட்டமடிப்பதெல்லாம் கிடையாது. காற்று அடங்கிய நாளாகப் பார்த்து வெளியே கொண்டு வருவார்கள். விசிறியை ஒருவர் கையால் சுற்றிவிட, படபடவென இன்ஜின் உயிர் பெறும். புல்தரையில் ஓடி, சில அடி உயரம் எழும்பி, நேராகப் போய், ஓடுபாதை முடிவதற்குள் மெல்ல இறங்கிவிடும்.