ஓட்டலில் தங்கக் கூலியா?

ஓட்டலில் ஓர் இரவு தங்கிச் சாப்பிட்டு வரவேண்டும். செலவுப் பணம் திரும்பக் கிடைக்கும், சிறு கூலியும் உண்டு. மும்பைத் தமிழ்க் குமாஸ்தாக்களுக்கும் ஆசை காட்டும் ‘ரகசிய வாடிக்கையாளர்’ வேலை இது.

வேலை உண்மைதான், ஓய்வுதான் கிடையாது. அறைச் சாவி கொடுக்க எத்தனை நிமிஷம், துண்டு சுத்தமா, இட்லி சூடாக வந்ததா என்று ஊழியர் சந்தேகப்படாமல் கவனித்து, நீண்ட அறிக்கை எழுதவேண்டும். பில்லை முதலில் கைக்காசில் கட்டவேண்டும். அது திரும்பி வரச் சில வாரங்கள் ஆகலாம். ஒரு ரசீது தவறினால் அறிக்கையே தள்ளுபடியாகலாம். வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவருக்குக் கட்டுபடியாகாது. ஊருக்குப் போகும் வழியில் சென்னையில் தங்கியே தீரவேண்டியவருக்கு லாபம்தான்.

வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவன் மோசடிக்காரன். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.