60% ஜெயிக்கிற நாணயத்தை வச்சும் காலி ஆகலாம்

ஒரு நாணயம் இருக்கு, தலை விழ 60% வாய்ப்பு. அதை முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடறாங்க. கையில 25 டாலர், நேரம் அரை மணி. எவ்வளவு வேணா கட்டலாம், கட்டின அளவுக்கு லாபம். விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டியூயி ரெண்டு பேரும் 61 பேரை வச்சு இதை நிஜமாவே செஞ்சு, 2016-ல கட்டுரையா வெளியிட்டாங்க. வந்தவங்க பெரும்பாலும் எகனாமிக்ஸ், ஃபைனான்ஸ் ஆளுங்க. அப்படியும் 28% பேர் மொத்தத்தையும் விட்டாங்க. 250 டாலர் உச்சவரம்பைத் தொட்டவங்க 21% தான். 18 பேர் ஒரே டாஸில் கையில இருந்த எல்லாத்தையும் வச்சிருக்காங்க!

யார் ஜெயிப்பாங்கன்னு மணிக்கணக்கா பேசறோம். எவ்வளவு கட்டணும்னு யாரும் கேக்கறதில்ல.

பேங்க்ரோல்னா பந்தயத்துக்குன்னே ஒதுக்கின பணம். வாடகைக் காசு அதுல சேராது. ஒவ்வொரு முறையும் ஒரே தொகை கட்டறது ஒரு வழி. மிச்சம் இருக்கிறதுல 2% மட்டும் கட்டறது இன்னொரு வழி. இதுல தொடர்ந்து 10 முறை தோத்தாலும் போறது சுமார் 18%. அதே 20% கட்டியிருந்தா 89% போயிருக்கும்.

'தோத்தா டபுள் பண்ணு'ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். அதுக்குப் பேரு மார்ட்டிங்கேல். 100 ரூபாயில ஆரம்பிச்சு ஏழு முறை தோத்தா 12,700 காலி. எட்டாவதா 12,800 கட்டணும். ஆட்ஸ் 1.90-னா, அதாவது 100 கட்டினா லாபம் 90-னா, அதுல ஜெயிச்சாலும் வர்ற லாபம் 11,520. இன்னும 1,180 ரூபாய் நஷ்டத்துல தான் நிப்பீங்க.

1956-ல பெல் லேப்ஸ் விஞ்ஞானி ஜான் கெல்லி ஒரு ஃபார்முலா கொடுத்தார். அந்த நாணயத்துக்கு அது ரொம்ப சிம்பிள்: 60-லிருந்து 40-ஐ கழிச்சா 20. கையில இருக்கிறதுல 20% கட்டு, அதாவது முதல் டாஸுக்கு 5 டாலர். சிக்கல் என்னன்னா, கிரிக்கெட்ல அந்த 60-ஐ யாரும் சொல்ல மாட்டாங்க, நாமளே தான் கணிக்கணும். ஓவர் கான்ஃபிடன்ஸ்ல கெல்லி சொல்றதுக்கு ரெண்டு மடங்கு கட்டினா, நீண்ட கால வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால தான் பலர் பாதி கெல்லி கட்டறாங்க: வளர்ச்சியில முக்கால்வாசி கிடைக்கும், ஏற்ற இறக்கம் பாதி தான்.

(இந்தியாவுல 2025 சட்டம் பணம் வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணுது. இங்க பேசறது கணக்கு மட்டும்.)

இப்போ 50-50 வாய்ப்புள்ள ஒரு மேட்ச், ரெண்டு பக்கமும் ஆட்ஸ் 1.90. நஷ்டமில்லாம நிக்கவே 52.6% முறை ஜெயிக்கணும். இதை கெல்லி ஃபார்முலாவுல போட்டா வர்ற விடை மைனஸ் 5.6%. மைனஸ்னா, கட்டாதேன்னு அர்த்தம்.