சொல்லாமல் அறுந்துபோகும் ரப்பர்ப் பட்டை

கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயில் மாற்றுவதற்காகப் பட்டறையில் விட்டால், மெக்கானிக் கிலோமீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட்டையும் மாத்திடலாம் சார். இதுக்கு மேலே விட்டு வைக்கிறது நல்லதில்லே" என்கிறார். தொகையைக் கேட்டதும் சொந்தக்காரருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஓடுகிற வண்டிக்கு எதற்கு இத்தனை ஆயிரம்? ஆசாமி நம் தலையில் மிளகாய் அரைக்கிறாரோ?

பழைய மாருதி 800, சான்ட்ரோ போன்ற வண்டிகளைச் செகண்ட் ஹாண்டாக வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் போக மிஞ்சுவதில்தான் காருக்கும் செலவழிக்க வேண்டும். ஆகவே சந்தேகம் நியாயமானதே. ஆனால் மெக்கானிக் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அதை எப்படிக் கண்டுகொள்வது?

இரண்டுக்கு ஒன்று

எஞ்சினின் அடிப்பாகத்தில் இருப்பது கிராங்க் ஷாப்ட். பிஸ்டன்கள் அதைச் சுழற்றுகின்றன. உச்சியில் இருப்பது காம் ஷாப்ட். அதுதான் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கீழே இரண்டு சுற்று சுற்றினால் மேலே சரியாக ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல் அளவுகூடப் பிசகக் கூடாது. உட்புறம் பல் வைத்த ரப்பர்ப் பட்டை ஒன்று இவ்விரண்டையும் பிணைத்து வைத்திருக்கிறது. அதுவே டைமிங் பெல்ட். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது!

இந்தப் பட்டை மோட்டாருக்காகப் பிறந்ததல்ல என்பது ரசமான விஷயம். தையல் யந்திரத்தில் ஊசியும் பாபினும் தாளம் தவறாமல் இயங்க வேண்டும் என்பதற்காக 1940-களில் அமெரிக்காவில் உருவானது அது. 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி தனது 1004 காரில் அதைப் பொருத்தியது. நம் நாட்டு அம்பாஸடரிலும் பியட்டிலும் இரும்புச் சங்கிலிதான் இருந்தது. அந்த வண்டிகளை ஓட்டிய தலைமுறைக்கு டைமிங் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. 1983-ல் வந்த மாருதி 800-ம், 1998-ல் வந்த சான்ட்ரோவும் ரப்பர்ப் பட்டையோடு வந்தன. பட்டைக்குச் சத்தம் குறைவு, எடை குறைவு, விலையும் மலிவு. ஆயுளுக்கு மட்டும் கெடு உண்டு.

இங்கேதான் சிக்கல். சங்கிலி தளர்ந்தால் கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும். டைமிங் பெல்ட்டோ ஒரு மூடிக்குள் மறைந்திருந்து, பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே அறுந்துவிடும். "நேற்று வரை நன்றாக ஓடியதே" என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. அறுகிற நாள் வரை எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

அறுந்தால் என்ன?

சில எஞ்சின்களில், வண்டி நின்றுபோவதோடு சரி. புதுப் பட்டை போட்டால் மறுபடி ஓடும். வேறு பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும், ஒரே குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடிக்கும் இரண்டு வீட்டுக்காரர்களைப் போல, ஒரே இடத்தை மாறி மாறி உபயோகிக்கின்றன. முறை தவறினால் பிஸ்டன் எழும்பி வந்து வால்வை இடிக்கும். வால்வு வளையும், பிஸ்டனும் அடிபடலாம். டீசல் எஞ்சின்களில் அநேகமாக எல்லாமே இந்த வகைதான். பிறகு ஹெட்டைக் கழற்றாமல் தீராது. பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு ஆகும். பழைய காராக இருந்தால், காரின் விலையே அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம்.

பணம் மட்டுமல்ல. விழுப்புரம் தாண்டி, நள்ளிரவில், பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும் காரில் இது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நின்றபின் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும்; பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இருக்கிற ஓட்டத்திலேயே ஓரம் கட்ட வேண்டியதுதான். சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்ப்பது, பிழைத்த வால்வுகளையும் வளைக்கும் வேலை.

யோசித்துப் பார்க்க வேண்டியவை

வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்ப்பதே முதல் காரியம். கெடு வண்டிக்கு வண்டி மாறும். 60,000 கிலோமீட்டர் என்றும் இருக்கும், 1,00,000 என்றும் இருக்கும். கூடவே இத்தனை வருஷம் என்ற கணக்கும் இருக்கும். எது முந்துகிறதோ அதுவே கெடு. ரிடையரான பெரியவர் ஒருவர் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்து, பத்து வருஷத்தில் 20,000 கிலோமீட்டர் ஓட்டிய கார் என்றால் வாங்குபவர் மகிழ்ந்து போகிறார். ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும் என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை. முன்பு மாற்றிய ரசீது இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதே விவேகம்.

மெக்கானிக்கைச் சோதிக்கவும் வழி உண்டு. மாருதியின் கே வரிசை எஞ்சின்களைப் போல, சங்கிலி உள்ள வண்டிகள் இன்று பல. அவற்றுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். வெளியே கண்ணுக்குத் தெரியும் ஆல்டர்னேட்டர் பெல்ட் வேறு. அது சொற்ப வேலை. இரண்டையும் குழப்பிப் பயப்படுகிறவர்களும் உண்டு.

தொகையைக் கேட்கும்போது அதில் என்னென்ன அடக்கம் என்றும் கேட்க வேண்டும். பட்டையின் விலை அதில் ஒரு சிறு பங்கே. கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. ஆகவே, திறந்த கையோடு டென்ஷனர், ஐட்லர் பேரிங், கசியும் ஆயில் சீல் ஆகியவற்றையும், அதே பட்டையில் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்பையும் பார்த்துவிடுவது லாபம். பழைய டென்ஷனர் சிக்கிக்கொண்டால் புதுப் பட்டையும் நாசம். இதே பட்டியலை இன்னொரு பட்டறையிலும் காட்டி விலை கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீக்கிரமே உடைப்புக்குப் போகப் போகிற வண்டி, உள்ளூர்த் தெருவைத் தாண்டாத வண்டி என்றால் செலவழிக்காமல் விடுவதும் ஒரு கணக்குத்தான். அந்த வண்டியில் திருப்பதிக்குக் கிளம்பாமல் இருந்தால் சரி.

மாற்றுவதென்று தீர்மானித்தால், வேலை முடியும் நேரத்தில் பட்டறையில் இருப்பது நல்லது. கைதேர்ந்த மெக்கானிக் உடனே சாவியைத் திருப்ப மாட்டார். ஸ்பானரைப் போட்டு, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, மேலும் கீழும் உள்ள குறிகள் நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் செய்வார். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவிட்டு, பழைய பட்டையைச் சொந்தக்காரர் கையில் கொடுப்பார்.