வீட்டு வைஃபை: 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா?

வீட்டு இணைய இணைப்புடன் தரப்படும் ரூட்டர்கள் பலவும் இன்று இரண்டு அலைக்கற்றைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். கைப்பேசியில் இவை இரண்டு வைஃபை பெயர்களாகத் தெரியும். ஒன்றின் இறுதியில் '5G' என்று இருக்கும். இதற்கும் கைப்பேசி நிறுவனங்களின் 5ஜி சேவைக்கும் தொடர்பில்லை. பலர் குழம்பும் இடம் இது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 செ.மீ. ஒரே ஆற்றலில், ஒரே வகை ஆண்டெனாக்களுடன் அனுப்பினால், திறந்த வெளியிலேயே 5 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கும் ஆற்றல் மற்றதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். சுவர் குறுக்கிட்டால் இழப்பு இன்னும் கூடும்.

அப்படியானால் 5 கிகாஹெர்ட்ஸ் எதற்கு? இடவசதிக்காக. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கற்றையில் உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைப்பது 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதில் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே கற்றையில்தான் உள்ளன. கம்பம், சின்னமனூர் போன்ற ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியுள்ள தெருவில், பத்து வீட்டு ரூட்டர்கள் இந்த மூன்று சேனல்களுக்குள் முண்டியடிக்கின்றன. மாலையில் எல்லோரும் படம் பார்க்கத் தொடங்கியதும் மாணவரின் இணைய வகுப்பு அறுந்து அறுந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் கற்றையிலோ, 2018 அக்டோபரில் வெளியான விதிகளின்படி, மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிக் கிடைக்கிறது. 2005ஆம் ஆண்டு விதிகள் இக்கற்றையை உள்ளரங்கப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதித்திருந்தன.

தொலைவை விடத் தடைதான் வைஃபைக்குப் பெரிய எதிரி. இதற்குத் தேனி மாவட்டத்திலேயே நல்ல சான்று உண்டு. 2000களின் நடுப்பகுதியில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் இணைந்து, ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர் உள்ளிட்ட ஐந்து இடங்களின் கண் சிகிச்சை மையங்களை வைஃபை வழியாக மருத்துவமனையோடு இணைத்தன. நோயாளி தன் ஊரிலிருந்தபடியே தேனியிலுள்ள மருத்துவரிடம் காணொளியில் பேச முடிந்தது. மிக நீண்ட இணைப்பு சுமார் 15 கி.மீ. உயரமான கோபுரங்களிலும், ஒரு ஜவுளி ஆலையின் புகைபோக்கியிலும்கூட, ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி பொருத்தப்பட்டன. அவ்வளவு தொலைவுக்கு ஏற்ப வைஃபையின் மென்பொருளையும் குழுவினர் மாற்றியமைத்தனர். 15 கி.மீ. கடந்த அதே தொழில்நுட்பம், வீட்டின் முன்னறையிலிருந்து பின்கட்டுக்குப் போகத் திணறுகிறது!

ஆகவே சுவர்களை எண்ணிப் பார்த்துத் தேர்வு செய்வதே சரி. ரூட்டர் இருக்கும் அறையிலோ, ஒரு மெல்லிய சுவர் தாண்டியோ படிப்பவருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. ஒன்றரை அடிக் கனமுள்ள பழைய கல், சுண்ணாம்புச் சுவர்கள் இரண்டைத் தாண்ட வேண்டுமானால் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகவும் அப்படியே. இரும்பு பீரோ, தகரக் கூரை, நிறைந்த தண்ணீர்த் தொட்டி ஆகியவை இரண்டையுமே தடுக்கும். ரூட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். வீட்டின் நடுவே, தலைக்கு மேல் உயரத்தில் வைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடுவதுண்டு.

வாங்கிய திட்டம் 40 எம்பிபிஎஸ் என்றால், எந்தக் கற்றையை எடுத்தாலும் இணையம் அதற்கு மேல் வேகம் தராது. பழைய கைப்பேசிகள் சிலவற்றிலும், கண்காணிப்புக் கேமரா, வைஃபை பல்பு போன்ற பலவற்றிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே தெரியாது. அவற்றை 2.4இல் விட்டுவிட்டு, மடிக்கணினியையும் தொலைக்காட்சியையும் 5க்கு மாற்றினால் நெரிசல் குறையும்.

திராட்சைத் தோட்டத்தைத் தாண்டியுள்ள தோட்டவீட்டுக்கு இணையம் கொண்டுபோக விரும்புவோர், வீட்டு ரூட்டரை நம்பாமல், இரு முனைகளிலும் திசை ஆண்டெனா பொருத்த வேண்டும். இதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. இடையில் தென்னை இருந்தால் ஆண்டெனாவை அதற்கு மேல் உயர்த்த வேண்டும். நனைந்த ஓலை உலர்ந்த ஓலையைவிட அதிகமாக அலையை உறிஞ்சும் என்பதால், கோடையில் நன்றாக இருந்த இணைப்பு ஐப்பசி மழையில் தடுமாறக்கூடும்.